ஆறாவது பேப்பர்

மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது, தமிழ்மணி அந்த நர்சிங் பள்ளியின் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்து.

பசிக்கவில்லை. பயமாகவும் இல்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது மூன்றாவது பள்ளி. முதல் இரண்டிலும் மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இங்கேயும் இன்றோடு சேர்க்கை முடிகிறது.

சேர்வதற்குப் பிளஸ் டூ மார்க்கே போதும். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் படித்த பி.எஸ்சி.யை மறைக்க முடியாது. டி.சி. அந்தக் கல்லூரியில் வாங்கியது.

மூன்றாம் செமஸ்டரில் ஆறு பேப்பர். வரிசையாக ஐந்துக்கு ஆப்சென்ட். கடைசி ஒன்றில் எழுபத்தெட்டு.

அந்த ஐந்தையும் பிறகு எழுதித் தேறிவிட்டாள். ஆனாலும் அந்தத் தாள் அப்படியேதான் இருக்கிறது.

காலையில் கிளம்பும்போது அம்மா பாஞ்சாலையும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செராமிக் யூனிட்டில் தரம் பிரிக்கும் வேலை. சூளையிலிருந்து வந்த ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் பெட்டிக்கு. விரிசல் விழுந்து சொத்தென்று ஒலித்தால் மூலைக் குவியலுக்கு.

"மார்க்கு சீட்ட எவளும் தட்டிப் பாக்க மாட்டாடி. தைரியமா போயிட்டு வா."

போயிட்டு வரேன் என்று தமிழ்மணி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று வருடமாக அப்படித்தான்.

வராந்தாவை ஒட்டிய அறையில் ஒரு கட்டில் கிடந்தது. அதில் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஆள் உயரப் பொம்மை, கழுத்து ஒரு பக்கம் சரிந்து, மல்லாந்திருந்தது. தலையணை தரையில்.

தமிழ்மணி எழுந்து போனாள். பொம்மையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, முதுகுக்கு இரண்டு தலையணை அண்டக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். மடியில் இன்னொன்றை வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் எடுத்துப் போட்டாள். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டாள்.

அவளைப் போலவே சேர வந்திருந்த சைமா, பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, அதுக்கு மூச்சு முட்டுதாமா?"

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

பிரின்சிபால் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். மூன்றாம் செமஸ்டர் தாளில் மட்டும் ஒரு மடிப்பு. பல தடவை மடித்து நைந்துபோன மடிப்பு. ஐந்து ஆப்சென்ட்டும் வெளியே தெரிந்தன. எழுபத்தெட்டு இருந்த கடைசி வரி உள்பக்கம் போயிருந்தது.

மேடம் அதை நீவி விரித்தார். கடைசி வரியை விரல்முட்டியால் இரண்டு தடவை தட்டினார்.

"அஞ்சு பரிச்சைக்கு வரல. ஆறாவதுக்கு மட்டும் வந்து எழுபத்தெட்டு. அப்ப வர முடியாத பொண்ணு இல்ல நீ. இஷ்டத்துக்கு வர்ற பொண்ணு. வார்டுல நெனச்சப்ப வந்து நெனச்சப்ப போனா என்னாகும்னு தெரியுமாம்மா?"

இதுவரை எல்லோரும் மேலே இருந்த ஐந்தைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். அந்தக் கடைசி வரியை யாரும் தொட்டதில்லை. அம்மாகூட.

தமிழ்மணி மேசை விளிம்பைப் பார்த்தாள்.

"தெரியும் மேடம். அந்த அஞ்சு நாளும் வூட்டுல எங்கப்பாவ நிமித்தி உக்கார வச்சிக்கிட்டு இருந்தேன். படுத்தா மூச்சு வுட முடியாது அவங்களால. ஆறாவது நாளு, இன்னிக்குத் தேவலாம், நீ போயிட்டு வான்னாங்க. போயிட்டு வரேம்ப்பான்னு சொல்லிட்டுப் போனேன். மூணு மணி நேரந்தான் மேடம். அதுக்குள்ள செத்துட்டாங்க. வந்து பாக்கறப்ப தலவாணி கீழ கெடந்துது."