முதல் கிண்ணம்

என் மாமனாரைப் போல ஒரு சாப்பாட்டு ராமனை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை நான் காட்டிலிருந்து காளான் கூடையோடு திரும்புவேன். மாடியில் குடியிருக்கும் அவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, கையில் கிண்ணத்தோடு இறங்கி வந்துவிடுவார்.

வதக்கி இறக்கியதும் முதல் கிண்ணம் அவருக்கு. வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வார். மறுநாள்தான் ருசி ஏறுமாம்.

மழை ஆரம்பித்ததிலிருந்து எட்டு வாரமாக இதே கதை. அட்டைக்கடி பட்டுப் பறித்தவன் நான், சுடச்சுடச் சாப்பிடுபவர் அவர். மனைவியிடம் புலம்பினால், வயசானவர்தானே, விடுங்க என்பாள்.

காளான் விஷயத்தில் நான் லேசுப்பட்டவன் இல்லை. மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். இரண்டாம் நாள் காய்ச்சலில் போகவில்லை, அது வேறு விஷயம்.

குடைக்கு அடியில் மடிப்பு என்ன நிறம், தண்டில் வளையம் உண்டா, மண்ணுக்குள் அடிப்பாகம் பைபோல் வீங்கியிருக்கிறதா, எல்லாம் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டுவேன். அதற்கும் மேல் சந்தேகம் வந்தால், புத்தகம்தான் தப்பு என்று முடிவு கட்டுவேன்.

அலுவலகத்தில் எனக்குக் காளான் டாக்டர் என்று பெயர். கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். யாரும் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை.

போன சனிக்கிழமை என் பொறுமை போய்விட்டது. கிண்ணத்தை நீட்டியவரிடம், எல்லோர் முன்னாலேயும் சொன்னேன்.

"இன்னிக்கு முதல் கிண்ணம் கிடையாது மாமா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சூடா சாப்பிடலாம்."

மனைவி முறைத்தாள். நான் கண்டுகொள்ளாமல் ஆறு வயது மகளின் தட்டில் ஒரு கரண்டி போட்டேன். அவள் வாயருகே கொண்டுபோவதற்குள் மாமனார் தட்டையே பிடுங்கிவிட்டார்.

குழந்தை அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தில் பெரியவர் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"குழந்தை தட்டுலேருந்து பிடுங்கித் திங்கற அளவுக்கா ஆசை?"

அவர் தட்டையும் கிண்ணத்தையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டார். மறு கையால் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். முப்பது வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்த கை, என் கையை விடவே இல்லை.

"எனக்குக் காளான் வாசனையே ஆகாது மாப்பிள்ளை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் முழுங்கறேன்."

"அப்புறம் ஏன் மாமா?"

"முதல் தடவையே வேணாம்னு சொன்னேன். நீங்க ஒரு வாரம் என்கூடப் பேசல. மறுபடி சொன்னா மட்டும் கேக்கப் போறீங்களா? இதுல விஷம் இருந்தா உடனே தெரியாது. அரை நாள் ஆகும், சிலதுல ஒரு நாள்கூட ஆகும்."

நான் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஆனாலும் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன்.

அவர் பேத்தியின் தட்டிலிருந்ததைத் தன் கிண்ணத்தில் வழித்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு எழுபத்தாறு, அவளுக்கு ஆறு. நாளைக்கு மத்தியானம் நான் மாடியிலேருந்து இறங்கி வந்தா, அப்புறம் அவளுக்குப் போடுங்க."