பர்னபாஸ் கண்டுபிடித்த தங்கம்

“இன்னாம்மா இது, டீயா, மசியா?”

பர்னபாஸ் கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்தது கடுக்காய் மசியைப் போலக் கருகருவென்றிருந்தது. தொட்டு ஒரு மனுவே எழுதிவிடலாம்.

எதிரே மரியகுழந்தை நின்றாள். மகள் ஐடாவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். இந்த இடமும் தட்டிப்போனால், ஆற்காட்டில் மனைவியை இழந்து முன்பற்களையும் இழந்த ஒன்றுவிட்ட மாமனுக்கு அவளைக் கொடுப்பதென்று பேசியாகிவிட்டது.

பர்னபாஸ் வந்ததே தட்டிவிடத்தான். பங்குச் சாமியார் சொல்லிவிட்டாரே என்று வந்தார். கோலார் தங்கவயலில் உரிகாமிலிருந்து கோரமண்டலுக்குப் பொடிநடையாக அரை மணி; அவர் புது ரயிலில் வந்து இறங்கினார். துரை கழித்துப் போட்ட கோட்டு அவர் முழங்காலைத் தொட்டது. தங்கம் சோதிக்கும் ஆபீசில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக் கவிழ்ப்பது அவர் உத்தியோகம். வெளியே கேட்டால் “கெமிஸ்ட்டு வேலை” என்பார். அப்பேர்ப்பட்டவர், சுரங்கத்துக்குள் கல் வாருகிற, ஐடாவின் அப்பா ஏசுபாதத்தைச் சம்பந்தி என்று கூப்பிடுவதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கொல்லுப்பட்டறையில் வேலை பார்க்கும் மகன் சுந்தரராஜுக்கு இதற்குமுன் பார்த்த மூன்று பெண்களை உயரம், நிறம், தும்மல் என்று காரணம் சொல்லிக் கழித்தாயிற்று. நாலாவது காரணம் இதோ, கோப்பையிலேயே வந்துவிட்டது.

“துரைமாருங்க குடிக்கிற டீ. அதைப் போடத் தெரியாத பொண்ண எப்படிம்மா…”

“தூளு நீங்க குடுத்தனுப்புனதுதாங்கண்ணா,” என்றாள் மரியகுழந்தை மெதுவாக. “முந்தாநாளு உங்க புள்ளதான் பொட்டலத்தக் கொண்டாந்து குடுத்துச்சு.”

அது உண்மை. இவர்கள் வீட்டில் கஞ்சி இருக்கும், டீ எங்கே இருக்கும் என்று துரை பங்களா சமையல்காரனிடம் கெஞ்சி வாங்கி, பால் சேர்க்கக் கூடாது என்ற உத்தரவோடு அவரே கொடுத்தனுப்பியிருந்தார்.

“அப்ப தூளு கெட்டுப்பூட்ச்சா?” என்று கேட்டார் ஏசுபாதம். அது கேலியா வெகுளியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“துரை வூட்டுத் தூளு கெடாது.”

“பின்ன இன்னாத்துக்குக் கறுத்துக்கிச்சு? நீங்க கெமிஸ்ட்டு, பாத்துச் சொல்லுங்க.”

‘தெரியாது’ என்ற சொல்லை பர்னபாஸ் அந்தக் கோட்டைப் போட்ட நாளிலிருந்து உபயோகித்ததில்லை. விரலை டீயில் விட்டு மோந்தார். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் காட்டினார். “ஹூம்” என்றார். துரை அப்படித்தான் சொல்வார்.

“தூள்ல தப்பு இல்ல. தண்ணிலதான் கீது விசயம். எந்தத் தண்ணி இது?”

“நம்ம கொல்லைக் கெணறு. இந்தத் துண்டு நெலம் கம்பெனி லைன் வூடுங்களுக்கு வெளிய கீது. நம்ம சொந்தம்,” என்றார் ஏசுபாதம்.

“சொந்தக் கெணறா?” கோப்பையை மறுபடி பார்த்தார். இப்போது அது அவ்வளவு கறுப்பாகத் தெரியவில்லை. “தங்கம் கரைஞ்ச தண்ணி இப்படித்தான் கறுக்கும். எங்க ஆபீசுல தெனம் பாக்கறேன்.”

“தெனம் இதத்தான குடிக்கிறோம்? ஒரு நாளும் கறுக்கலியே.”

“டீ போட்டீங்களா?”

“இல்ல.”

“போட்டாத்தான தெரியும்.”

பர்னபாசுக்கே தம் வாதம் பிரமாதமாகப் பட்டது. அந்த நிமிஷமே அதை முழுசாக நம்பிவிட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“வெளிய மூச்சு விடாதீங்க. துரை காதுல வுழுந்தா கம்பெனி வந்து கெணத்தோட தூக்கினு பூடும். ஐடா ஒரே பொண்ணுதான?”

“ஒரே பொண்ணு.”

“சம்மந்தி,” என்றார் பர்னபாஸ்.

ஏசுபாதம் தமக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தார்.

“உங்களத்தான். வர ஞாயித்துக்கெழமையே கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சுடலாம்.”

“மூணு ஞாயிறு வாசிக்கணுமே.”

“மூணையும் ஒரே ஞாயித்துல வாசிக்கச் சொல்றேன்.”

“பொண்ண நீங்க இன்னும் பாக்கவே இல்லியேண்ணா,” என்றாள் மரியகுழந்தை.

“அதான் தண்ணியப் பாத்தாச்சே.”

இத்தனை நேரமும் தலை குனிந்தபடி, தன் கோப்பையை முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்த சுந்தரராஜ், “அப்பா சொன்னா சரி,” என்றான்.

போகும்போது பர்னபாஸ் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரையும் வாங்கிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

“வூட்டுக்குப் போனதும் நானே டீ போட்டுத் தரேன்ப்பா,” என்றான் மகன்.

அவர்கள் ஸ்டேஷன் பக்கம் திரும்பியதும் ஐடா டீச் சட்டியைக் கவிழ்த்தாள். இலைச் சக்கையோடு, விரல் நீளத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று டங்கென்று விழுந்தது. அதைத் துடைத்து, அது வந்த டீத்தூள் பொட்டலக் காகிதத்திலேயே சுற்றப் போனவள், உள்பக்கம் சுந்தரராஜ் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்துச் சிரித்தாள்:

‘தூளோடு இந்த ஆணியையும் போட்டுக் கொதிக்க விடு, டீயின் துவர்ப்பும் இரும்பின் துருவும் கூடினால் மசிதான், அது தெரியாத கெமிஸ்ட்டு எங்கள் அப்பா ஒருவர். ஏன் கறுத்தது என்று உன் அப்பாவை விட்டு ஒரு தடவை கேட்கச் சொல், கிணறு சொந்தம் என்றும் சொல்லச் சொல். தங்கத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.’