ஓடைக்கு அந்தப் பக்கம்

நான்கு மணிக்குத் தேர்தல் முடிவு வந்ததும் கெம்பம்மாவின் துப்பாக்கியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. துப்பாக்கி கூடாது என்ற கட்சி ஜெயித்திருந்தது; இனி ஐந்து வருடத்துக்கு இந்த மாநிலத்தில் அது சுடாது. ஓடையைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு முடிவு. அங்கே பச்சை எரியும்.

பத்து வருடத்துக்கு முன்பும் இப்படித்தான். மக்காச்சோளக் காட்டில் பாய்ந்து வந்த பன்றியை நோக்கி அவள் கணவர் விசையை அழுத்தினார். அந்த நிமிடம்தான் முடிவு வந்தது. துப்பாக்கி சுடவில்லை. பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டுப் போனது. ஆள் பிழைக்கவில்லை.

இந்த முறை அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் முன்கூட்டியே பரண் கட்டி வைத்திருந்தாள். துப்பாக்கியை வாங்கிப்போக எஸ்.ஐ. தனசேகரன் வந்தபோது, பச்சை விளக்கெரியும் துப்பாக்கியை மடியில் வைத்துப் பரண்மேல் உட்கார்ந்திருந்தாள்.

ரசீதுப் புத்தகத்தோடு இந்தக் கரையிலேயே, அவள் மக்காச்சோளக் காட்டோரம் நின்றார் தனசேகரன். “எறங்கி வாங்கம்மா. சட்டப்படி ஒப்படைக்கோணும்.”

“அது அங்கத்த சட்டமுங்க. நான் இங்க இருக்கறேன்.”

“அங்கிருந்து சுட்டாலும் குண்டு நம்ம மாநிலத்துலதான விழும்? கேஸ் ஆயிரும்.”

“போடுங்க. எம்பட ஊட்டுக்காரர் செத்தப்ப யாரு மேல போட்டீங்க?”

அவருக்குப் பின்னால் சோளத்தட்டை முறிந்தது. கொம்பன் பன்றி ஒன்று தலையைத் தாழ்த்தி நின்றது.

கெம்பம்மா குறி வைத்தாள். “சார், சுடட்டுங்களா? இல்ல, சட்டப்படி நிக்கறீங்களா?”

தனசேகரன் ரசீதுப் புத்தகத்தைப் போட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்.