தொற்று வந்த வழி

"உன் ஈரலைக் கெடுத்துக்கிட்டது போதாதுன்னு, பெத்தவளுக்கும் ஒட்ட வச்சுட்டியேடா பாவி!"

மரியபுஷ்பம் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் சாய்ந்திருந்தான் அவள் தம்பி சகாயநாதன். மைசூரில் பள்ளி ஆசிரியர். ஈரலில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மகளோடு சொந்த ஊர் மார்டள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"'காலேஜ்ல படிக்கிறப்ப கண்ட ஊசியில பச்சை குத்திக்கிட்டேன், காமாலை வைரஸ் அதுலதான் வந்திருக்கும்'னு நீயேதானே சொன்னே? அப்புறம் லீவுக்கு வந்து அம்மாவோட நகவெட்டியை எடுத்து..."

"ஆமாக்கா. தப்பு என்மேலதான்."

"விடு புஷ்பம்," என்றாள் அம்மா. "வேணும்னா கொடுத்தான்? வயசுக் கோளாறு. நான் அவனை மன்னிச்சுட்டேன்."

நர்ஸ் தேவம்மா எட்டிப் பார்த்து, "ஸ்வல்ப மெல்லகே மாத்தாடி!" என்று, கொஞ்சம் மெதுவாகப் பேசும்படி கன்னடத்தில் அதட்டிவிட்டுப் போனாள்.

டாக்டர் பிரதிபா சிரித்த முகத்தோடு வந்தார்.

"சார், நல்ல சேதி. ஏ.எஃப்.பி.ன்னு உங்க ரத்தத்துல ஒரு புரதம் ஏறினதை வச்சுத்தானே கட்டியைச் சின்னதிலேயே பிடிச்சோம்? அது இப்ப நல்லா இறங்கிடுச்சு. அம்மா, உங்களுக்கு வைரஸ் மட்டும்தான், கட்டி எதுவும் இல்லை. தினம் ஒரு மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன். தைரியமா இருங்க."

"எனக்கு டாக்டர்?" என்றாள் மரியபுஷ்பம்.

"உங்களுக்குத் தொற்றே இல்லை. தடுப்பூசியை மட்டும் முழுசாப் போட்டுக்கங்க."

"ஆக, இவன் பண்ணின வேலைக்கு அம்மா காலமெல்லாம் மாத்திரை முழுங்கணும்!"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சகாயநாதன் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தான்.

"அக்கா, அம்மா காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போ."

இருவரும் போனதும் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டியோட மரபணுவைப் பார்த்தோம் சார். வைரஸ் அதுக்குள்ளேயே ஒட்டிக்கிட்டிருக்கு. உங்ககிட்டேயும் அம்மாகிட்டேயும் இருக்கிறது ஒரே வகை. வளர்ந்தப்புறம் தொத்தினா பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். இப்படித் தங்கிப் போறது பிறக்கும்போதே வந்தாத்தான்; அதுவும் எல்லாக் குழந்தைக்கும் வராது, உங்க அக்கா தப்பிச்ச மாதிரி. இது அம்மாகிட்டேருந்து உங்களுக்கு வந்தது. உங்ககிட்டேருந்து அம்மாவுக்கு இல்லை."

"தெரியும் மேடம். அம்மாகிட்டேருந்துதான் வந்திருக்கும்னு முதல் நாளே நீங்க சொன்னீங்களே."

"பின்னே ஏன் உங்களாலதான் வந்ததுன்னு வீட்டுல சொன்னீங்க?"

"அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்தே ஆகணும்னீங்க. கூப்பிட ஒரு காரணம் வேணுமே."

"அதுக்காக, அக்கா வாய்க்கு வந்தபடி திட்டுறதைக் கேட்டுக்கிட்டு..."

சகாயநாதன் ஜன்னல் வழியாகக் கேன்டீன் பக்கம் பார்த்தான். அம்மா இட்லியைப் பிட்டு மகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா கோவம் ரெண்டு நாள்ல ஆறிடும் மேடம். பெத்த அன்னைக்கு அம்மா எனக்கு உசுரைக் கொடுத்தாங்க. கூடவே இன்னொண்ணும் வந்துச்சுன்னு அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"