காது இல்லாத கார்

சாலையில் மனிதர்கள் கார் ஓட்டக் கூடாதென்று சட்டம் வந்த பிறகு, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் ஆண்டுக்கொருமுறை கூடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களால் மட்டும்தான் ஸ்டீயரிங்கைத் தொட முடிந்தது.

அமலோற்பவம் தன் சிவப்புக் காரைப் பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் அதைப் பழைய இரும்பு என்று கேலி செய்யும் கணவர் சூசைராஜ், முதல்முறையாகப் பக்கத்தில் ஏறினார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சொன்னால் தானே ஓடும் கார்களில் தினமும் போகிற பழக்கத்தில் முன்கண்ணாடியைப் பார்த்து, "ஒரு ரவுண்டு போ" என்று உத்தரவிட்டார்.

கார் அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்ன, ரிப்பேரா?" என்றார் அவர்.

அமலோற்பவம் நிமிர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருகினாள். எஞ்சின் உறுமிய உறுமலில் அவருடைய இருக்கையே அதிர்ந்தது.

"அதுக்குக் காது கிடையாதுங்க," என்றாள். "எங்கிட்ட சொல்லுங்க."