பெயர் கேட்காத பலகை

"பேரே தெரியாம ஒரு புள்ள எப்படி எழுத முடியும்? யார் எழுதினதுன்னு பாருங்க டீச்சர்!" ஹெச்.எம். மேடம் மேசையைத் தட்டினார்.

"பார்க்க முடியாது மேடம். லிங்க்கைத் தொட்டா பலகை திறக்கும். எழுதிட்டுப் போயிடலாம். பேர் கேக்காது," என்றாள் அறிவியல் டீச்சர். சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

பள்ளி விட்டு எல்லாரும் போய்விட்டார்கள். ஆசிரியர் அறையில் இவர்கள் இருவரும் கணக்கு சாரும் மட்டும்தான். நடுவில் லேப்டாப். திரையில் பச்சையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னச் சீட்டுகள். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த இலவச ஆன்லைன் பலகை அது. வாயே திறக்காத பிள்ளைகள்கூட மனதில் இருப்பதை எழுதட்டுமே என்று ஒன்பதாம் வகுப்புக்காக அவள் ஆசை ஆசையாக ஆரம்பித்தது. இதுவரை 'ஒளிச்சேர்க்கை புரியல', 'ஃபேன் சத்தம் தாங்கல', 'கணக்கு சார் ஜோக் சூப்பர்' என்றுதான் வந்துகொண்டிருந்தது.

இன்று மத்தியானம் வந்த சீட்டு வேறு.

'இதுக்கு மேல என்னால முடியல. நாளைக்கு வகுப்புல நான் இருக்க மாட்டேன். யாரும் தேடாதீங்க.'

"ஓசியில கிடைக்குதேன்னு எதையாவது இழுத்துட்டு வந்துடறது! ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நான்தானே?"

"திட்டறதை நாளைக்கு வச்சுக்கலாம் மேடம். நாளைக்கும் நீங்கதான் ஹெச்.எம்.," என்றார் கணக்கு சார். "இப்போ வீடு வீடா போன் போடுவோம். டீச்சர், பாதிப் பேரை நீங்க கூப்பிடுங்க. மீதி என் பொறுப்பு."

இந்த மனுஷன் பக்கத்தில் இருந்தாலே பாதி பாரம் குறைந்துவிடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பள்ளியில் யார் முகம் வாடினாலும் போய்ப் பக்கத்தில் உட்காருகிறவர் அவர்தான்.

"மார்க் விஷயமா கூப்பிடலைங்க, பயப்படாதீங்க. உங்க பையன் அங்க இருக்கானா? டி.வி. முன்னாடியா? அப்ப நல்லாத்தான் இருக்கான்!" என்று எதிர்முனையைச் சிரிக்க வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லா வீட்டுக்கும் ஒன்றையே சொன்னார் கணக்கு சார். "இன்னிக்குக் கொஞ்ச நேரம் அவன் பக்கத்துல உட்காருங்க. எதுவும் கேக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்தா போதும்."

அவளுக்கு அப்படிப் பேச வரவில்லை. "வீட்டுல இருக்காளா? கண்ணால பார்த்தீங்களா?" என்று பதறினாள். ஒரு அம்மா பயந்துபோய் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் போனை யாரும் எடுக்கவில்லை. கடைசி பெஞ்சுப் பெண். வகுப்பில் அவளுக்கு 'மியூட்டு' என்று பட்டப்பெயர்.

"அவதான் சார்! கொஞ்ச நாளாவே சரியா சாப்பிடல. கேட்டேன், ஒண்ணுமில்ல மிஸ்னு சொன்னா. நானும் அதோட விட்டுட்டேனே, பாவி!"

கணக்கு சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "அவ வீடு எனக்குத் தெரியும். போய்ப் பார்த்துட்டு வரேன். நீங்க அழாதீங்க."

அவர் போன பிறகு ஹெச்.எம். மேடத்தின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து டீச்சரிடம் நீட்டினார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா டீச்சர்," என்றார். வெளியே வாட்ச்மேன் ஒவ்வொரு வகுப்பாகப் பூட்டிக்கொண்டு போனார்.

கணக்கு சார் சட்டையெல்லாம் வியர்வையோடு திரும்பி வந்தார்.

"இருக்கா. தங்கச்சிக்குத் தலை பின்னிட்டு இருந்தா. போன்ல சார்ஜ் இல்லையாம். அவ அம்மாகிட்டயும் பேசிட்டேன். அவ எழுதல டீச்சர்."

"அப்பாடா!" ஹெச்.எம். மேடம் கைப்பையைத் தோளில் மாட்டினார். "ஏதோ ஒண்ணு விளையாட்டுக்குப் பண்ணியிருக்கு. முதல்ல அந்தப் பலகையை மூடிட்டு வீட்டுக்குப் போங்க."

அவர் போய்விட்டார். டீச்சர் பலகையை மூடவில்லை.

"விளையாட்டு இல்ல சார். விளையாடறவங்க 'தேடாதீங்க'ன்னு எழுத மாட்டாங்க. தேடணும்னுதானே விளையாடுவாங்க?" போனை மறுபடியும் கையில் எடுத்தாள். "முதல்லேர்ந்து எல்லாரையும் திரும்பக் கூப்பிடப் போறேன். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நிக்கணும்னாலும் நிப்பேன். எழுதினது யாரா இருந்தாலும் சரி, அது இல்லாம நாளைக்கு என்னால அந்த வகுப்புக்குள்ள கால் வைக்க முடியாது."

கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை. கணக்கு சார் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எண்ணை அழுத்தப் போனபோது, போனின் மேல் மெல்லக் கையை வைத்தார்.

"பசங்களை விட்டுடுங்க டீச்சர், பாவம்," என்றார். "அந்த லிங்க்கை நீங்க முதல்ல தவறிப்போய் நம்ம டீச்சருங்க குரூப்புலதான் போட்டீங்க. நீங்க அழிக்கறதுக்குள்ள நான் எடுத்து வச்சுக்கிட்டேன். எனக்கும் சொல்றதுக்கு வேற இடம் இல்ல."