ஸ்கீவ நகரத்து லார்ஸ்

எண்பத்தாறாவது நிமிடம். குலேந்திரன் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காதில் இயர்போனைக் கொழுவிக்கொண்டு, மூச்சை அடக்கி இருந்தார்.

இங்கிலாந்தில், பெயர் சொன்னாலும் ஒருவருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊரின் கால்பந்துக் கழகம் அது. ஆடுகிறவர்கள் எல்லோரும் வார நாட்களில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவன் தச்சன், ஒருவன் பஸ் சாரதி. கோல்கீப்பர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவன்.

அந்தக் கோல்கீப்பர்தான் குலேந்திரனின் மகன் ஜெனுஷன்.

ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பொறியியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டுப் பந்து பிடிக்கப் போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது, குலேந்திரன் குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. இனி இந்த வீட்டுக்குள் அவனுடைய பெயரே கேட்கக் கூடாது என்று மனைவி சுஜீதாவுக்கும் கட்டளை போட்டுவிட்டார். போட்டவர் அவர்தான். அதைத் திருப்பி எடுக்கத்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

ஆகஸ்டில் தொடங்கிய பருவம் இன்று முடிகிறது.

கழகத்தின் ஆட்டங்களை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இணையத்தில் வர்ணிப்பார். முப்பது பேர் கேட்டால் பெரிய காரியம். சனிக்கிழமை நாலு மணியானால் கார் துடைக்கிற சாட்டில் குலேந்திரன் கீழே இறங்கிவிடுவார். அவர்கள் குடியிருந்த டேனிஷ் ஊரான ஸ்கீவ முழுக்கத் தேடினாலும் அவ்வளவு துப்புரவான காரைக் காண முடியாது.

அவர் மறந்தாலும் சுஜீதா விடமாட்டாள். கார் ஊத்தையாய்க் கிடக்கிறது என்று மூன்றே முக்காலுக்கே துணியை எடுத்து நீட்டிவிடுவாள்.

கேட்கிறவர்கள் பெயரும் ஊரும் பதிய வேண்டும். சொந்தப் பெயரைக் கொடுக்க ரோசம் விடவில்லை. லார்ஸ் என்று ஒரு டேனிஷ் பெயரைக் கொடுத்தார். தபால்காரரும் பாவம், கிழமைக்குக் கிழமை ஸ்கீவ நகரத்து லார்ஸுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் எதற்கு? அந்த ஒரு பெயரைக் கேட்கத்தான். தபால்காரருக்கு அது வாயில் நுழையாது, பாதியாய் வெட்டி ஜென்னு என்பார். அதுவாவது கிடைத்ததே. வீட்டில் அதுவும் இல்லை.

பத்து மாதத்தில் வாய் தவறியாவது சுஜீதா ஒரு தடவை சொன்னாளா? பெற்ற மனம் பித்து என்கிறார்கள், இவளுடையது கல்லோ? அவர்தான் கோபத்தில் ஏதோ சொன்னார் என்றால், அப்படியே கேட்டுக்கொண்டு இருப்பதா? ஒரு சண்டையாவது பிடிக்கக் கூடாதா? பிள்ளைமேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. இப்போது மிச்சம் இருந்தது அவள்மேல்தான்.

இன்று தோற்றால் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். இறங்கினால் அடுத்த வருடம் வர்ணனை இல்லை என்று தபால்காரர் சொல்லிவிட்டார். பிறகு அந்தப் பெயரை எங்கே போய்க் கேட்பது?

ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடிந்தால் போதும்.

யாரோ ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழ, ஆட்டம் நின்றது. நேரத்தைப் போக்கத் தபால்காரர் வந்திருந்த செய்திகளை வாசிக்கத் தொடங்கினார்.

ஸ்கீவவிலிருந்து லார்ஸ் மட்டும்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தாராம். இன்று கிர்ஸ்டன் என்றொரு பெண்மணியும் எழுதியிருக்கிறாராம். பருவம் முழுக்க வேறோர் ஊரைப் பதிந்து கேட்டவராம், கடைசி ஆட்டம் என்பதால் ஒரேயொரு கேள்வி கேட்கிறாராம். கோல்கீப்பர் மத்தியானம் ஏதாவது சாப்பிட்டாரா?

தபால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பன்னிரண்டு வருட வர்ணனையில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லையாம். அவருடைய மேசை கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் இருந்தது. ஆட்டம் நின்றுதானே கிடக்கிறது என்று, கூப்பிட்டுக் கேட்டேவிட்டார்.

தூரத்திலிருந்து ஒரு குரல், ஒரு வாழைப்பழம் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

ஐயோ, அவனுடைய குரல். குலேந்திரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். காலையிலிருந்து ஒரு வாழைப்பழத்தோடா நிற்கிறான் என்று நினைக்க இன்னும் அழுகை வந்தது.

பிறகுதான் மற்றது உறைத்தது. எந்த டேனிஷ்காரி கோல்கீப்பர் சாப்பிட்டானா என்று கேட்பாள்?

அண்ணாந்து மூன்றாம் மாடியில் தங்கள் வீட்டுக் குசினி யன்னலைப் பார்த்தார்.

அடி கள்ளி!

இயர்போனைக் கழற்றாமலே படிகளில் ஓடினார். வாசலுக்கு வந்தபோது உள்ளே அதே தபால்காரரின் குரல் கேட்டது. அவளுடைய பழைய டப்லெட் கணினி ஒரு நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் படியில் கேட்டதை அது இப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவருடைய காதில், எதிரணிக்குப் பெனல்ட்டி. கடைசி நிமிடம்.

திறப்பைப் பூட்டுக்குள் விட்டபடியே கதவோடு ஒட்டி நின்றார். விசில் ஊதுவது கேட்டது. பிறகு தபால்காரர் தொண்டை கிழியக் கத்தினார். கத்தினதில் ஜென்னு, ஜென்னு என்பது மட்டும்தான் விளங்கியது. அது போதுமாக இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் இப்போதுதான் பெனல்ட்டி கொடுத்தார்கள். கதிரை ஒன்று இழுபட்டது. முருகா, முருகா என்று சுஜீதா விம்முவது கேட்டது.

அவர் கதவைத் திறந்தார். அவள் பதறிப்போய் டப்லெட்டைக் கவிழ்த்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"அந்தரப்படாதையும் சுஜீதா," என்றார் குலேந்திரன். "ஜெனுஷன் பிடிச்சுப்போட்டான்."